கக்கூஸ் கட்டியாச்சு, தண்ணி எங்கே போகுது?

நமுனுகுல மலைத் தோட்டங்களில் நூறு வருடமாக எண்ணப்படுவது மலசலகூடம் மட்டும்தான். அதிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வெளியேறும் நீர் யாருடைய கணக்கிலும் இல்லை. டித்வா புயலின் மண்சரிவுகளுக்குப் பிறகு புது வீடுகளைப் பற்றி எல்லோரும் பேசும் இந்த நேரத்தில் அந்த நீரின் பாதையில் ஒரு நடை.

காலை ஐந்தரை மணி. நமுனுகுல சரிவில் பனி விலகவில்லை. பெரட்டுக் களத்துக்குப் போவதற்குள் பாத்திரம் விளக்கி, கஞ்சி வடித்து, பிள்ளையைக் கழுவிவிட வேண்டும். லயத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு துண்டுக் குழாய் கானுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றில் சோப்பு நுரை வருகிறது, ஒன்றில் கஞ்சி, அடுத்ததில் கோழி கழுவிய தண்ணீர். வாசக்கூட்டி நேற்றுத் தள்ளிவிட்ட சருகில் முட்டி நின்று, பிறகு வழிந்து, கக்கூஸ் வரிசைப் பக்கம் திரும்புகிறது கான். அங்கே ஒரு குழியின் சிமெந்து மூடி வெடித்திருக்கிறது. மழை பெய்தால் அந்தக் குழியும் கானோடு சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு தேயிலைக்குள் இறங்கி, கல்லுக்குக் கல் தாவி ஓடையில் விழுகிறது. அந்த ஓடையோரத்தில், கீழ் டிவிசனில், இன்னொரு லயத்துப் பிள்ளை வாளியோடு நிற்கிறது.

இதை எந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டும் வாசிக்கலாம். பதுளை மாவட்டத்து மலைகளில் பிறந்து வளர்ந்தவர் யாருக்கும் இந்தக் கான் புதிதல்ல.

மலை ஒன்று, கடல் இரண்டு பக்கம்

நமுனுகுல 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைத்தொடர். ஸ்பிரிங்வெளியும் கனவரல்லையும் அதைச் சுற்றியுள்ள தேயிலையும் அதன் சரிவுகளில்தான் கிடக்கின்றன. மேலே விழும் மழை எந்தப் பக்கம் உருளுகிறது என்பதைப் பொறுத்து அதன் விதி மாறுகிறது. பதுளைப் பக்கம் உருண்டால் பதுளு ஓயா. அது துன்ஹிந்தவில் குதித்து, மகாவலியில் சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடும். தெற்கே உருண்டால் மாணிக்க கங்கை. புத்தல வழியாகக் கதிர்காமத்துக்கும், அங்கிருந்து யால காட்டைத் தாண்டித் தென்கிழக்குக் கடலுக்கும் போகும். எல்ல, பண்டாரவளைப் பக்கத்து நீர் கிரிந்தி ஓயாவோடு வெல்லவாயவுக்கு இறங்கி, லுணுகம்வெஹெர குளத்தை நிரப்புகிறது.

ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் போகும் மலையகத்து யாத்திரிகர் மாணிக்க கங்கையில் முங்கி எழும்போது, தன் ஊர் மலையின் தண்ணீரில்தான் முங்குகிறார். இதைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். நீண்ட தூர ஓட்டம், மணல், வெயில், வழியில் வெஹெரகல நீர்த்தேக்கம் எல்லாம் சேர்ந்து ஆற்றைப் பெருமளவு சுத்தமாக்கிவிடும். நமுனுகுலவின் கான் கதிர்காமத்து யாத்திரிகரை நோயாளியாக்குகிறது என்று எழுதினால் அது மிகை. ஆற்றுக்குத் தன்னைக் கழுவிக்கொள்ளத் தூரம் கிடைக்கிறது. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் இடையில் அந்தத் தூரம் கிடையாது. அடிபடுவது முதலில் பக்கத்து டிவிசன்தான்.

▌பெட்டிச் செய்தி: எவ்வளவு அழுக்கு, எவ்வளவு அனுமதி?
• ஆறு, ஓடைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தொங்கல் திண்மங்கள் 50ஐத் தாண்டக்கூடாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட தராதரம் இது.
• சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் அந்த முதல் அளவு வழக்கமாக 200 முதல் 300 வரை இருக்கும்.
• ஒரு குடும்பம் நாளுக்கு 300 லீற்றர் பாவிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 காம்பரா லயம் ஒன்று நாளொன்றுக்கு வெளியேற்றுவது 7,200 லீற்றர். ஒரு பெரிய தண்ணீர் பவுசர் கொள்ளும் அளவு.

1916 முதல் ஒரே கணக்கு

பழைய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோப்பிக் காலத்தில் லயம் கட்டியவர்கள் மலசலகூடத்தைப் பற்றி யோசிக்கவில்லை. 1912இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று சட்டம் வந்தது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. வெறுங்காலோடு மலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலானோரின் குடலில் அந்தப் புழு இருந்தது. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கக்கூஸ் கட்டாவிட்டால் புழு திரும்ப வரும் என்று வந்த வைத்தியர்கள் வற்புறுத்தினார்கள். மருந்தை வரவேற்ற துரைமார் பலர் கட்டடச் செலவைக் கண்டதும் பின்வாங்கினார்கள். யார் செலவு செய்வது என்ற அந்தப் பேரம் இன்றுவரை முடிந்தபாடில்லை.

தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. வீடு, சுகாதார வேலைகளைப் பார்க்க அதே ஆண்டில் உருவான நிதியம் இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. 1993 முதல் 1998 வரை உலக வங்கியின் சமுதாய நீர்வழங்கல் திட்டம் நடந்த மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. 2015இல் அதே வங்கி 16.5 கோடி டொலர் கொடுத்து ஏழு மாவட்டங்களில் நீர், சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பதுளையும் மொனராகலையும் அதிலும் இருந்தன, தோட்டங்களும் சேர்க்கப்பட்டன.

இவற்றால் பயன் இல்லை என்று சொல்வது நன்றி கெட்டதனம். பத்துக் குடும்பத்துக்கு ஒன்று என்றிருந்த கக்கூஸ் பல இடங்களில் வீட்டுக்கு ஒன்று ஆகியிருக்கிறது. இருட்டில் தேயிலைக்குள் போக வேண்டியிருந்த பெண்ணுக்கு அது என்னவென்று ஆண்கள் எழுதிப் புரியவைக்க முடியாது. ஆனால் திறப்பு விழாவில் வெட்டிய றிப்பன் கதவோடு நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் போகும் குழாய் எங்கே முடிகிறது என்று விழாவுக்கு வந்தவர்கள் கேட்கவில்லை. ஐக்கிய நாடுகளின் நிலைபேறான இலக்குகளில் 6.2 மலசலகூடத்தைப் பற்றியது. சுத்திகரிக்காத கழிவுநீரை 2030க்குள் பாதியாகக் குறைப்பது 6.3. மலையகத்தில் முதலாவதற்குப் பெயர்ப்பலகைகள் நிறைய உண்டு. இரண்டாவதற்கு ஒரு பலகையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

33ஆம் பிரிவு என்ற சுவர்

கானைத் திருத்துவது யார் வேலை என்று கேட்டால் தோட்டத்தில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். துரையிடம் போனால் நிதியத்தைக் கைகாட்டுவார். நிதியம் திட்டம் வந்தால் பார்ப்போம் என்னும். பிரதேச சபையிடம் போனவர்களுக்கு வெகுகாலம் கிடைத்த பதில் ஒன்றுதான்: அது தோட்டக் காணி, எங்களுக்கு அதிகாரம் இல்லை.

அந்தப் பதிலுக்குச் சட்ட ஆதாரமும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடத் தடையாக நின்றது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வரலாம், வென்ற பின் அந்த லயத்துக்கு ஒரு கான் வெட்டிக்கொடுக்க முடியாது. முப்பது வருடங்கள் இந்தக் கூத்து நடந்தது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டப் பகுதிகளுக்கும் சேவை வழங்கச் சபைகளுக்கு வழி திறந்தது.

வழி திறந்ததும் பணம் வந்துவிடவில்லை. பசறை, எல்ல போன்ற சபைகளின் வருமானம் சிறியது. பெருந்தோட்டக் காணி கம்பனிக் குத்தகையில் இருக்கிறது. ஆனாலும் 2018க்குப் பிறகு அதிகாரம் இல்லை என்ற பதில் செல்லாது. இப்போது சொல்லக்கூடியது பணம் இல்லை என்பது மட்டும்தான். அது வேறு பேச்சு. அதற்கு வரவு செலவுத் திட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

7 பேர்ச்சில் எத்தனை குழி?

இனி லயத்தை விட்டுப் புது வீட்டுக்கு வருவோம். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் பேசிய பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். முதலில் வந்த வீடுகளுக்குத் தலா 7 பேர்ச் காணி. தலைமுறை தலைமுறையாகக் காணியில்லாமல் வாழ்ந்த மக்களுக்கு 7 பேர்ச் என்பது பெரிய வெற்றி.

அந்த வெற்றியை ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 44 அடிகூட வராது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆக, ஒரே காணிக்குள் கிணற்றையும் குழியையும் முறைப்படி வைப்பது மிகக் கடினம். சரி, கிணறு வேண்டாம், குழாய்த் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடுகள் இருப்பது சமதரையில் அல்ல. மேல் வரிசை வீட்டின் குழி, கீழ் வரிசை வீட்டின் அடுப்படிச் சுவருக்கு மேலே இருக்கிறது. நாற்பது வீடு என்றால் நாற்பது குழிகள் ஒரே சரிவில் மேலிருந்து கீழாக ஊறிக்கொண்டிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு குழியும் சட்டப்படி சரி. நாற்பதையும் சேர்த்துப் பார்க்கிற கண் எந்த வரைபடத்திலும் இல்லை.

சமவெளிக் கிராமத்தில் அரை ஏக்கர்க் காணிக்கு நடுவில் வெட்டப்படும் குழியின் படத்தையே எடுத்துவந்து மலைச்சரிவில் ஒட்டியதன் விளைவு இது. தனி வீடு வேண்டும் என்ற கோரிக்கை முழுக்க நியாயம். தனிக் குழியும் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. இருபது வீட்டுக்கு ஒரு குழாய்ப் பாதை, வரிசையின் அடியில் ஒரு பொதுத் தொட்டி, அதற்குக் கீழே கல்லும் மணலும் நிரப்பிய ஒரு பாத்தி என்று போட்டிருந்தால் சரிவே அந்த நீரை இறக்கிக் கொடுத்திருக்கும். பம்பி தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. கொழும்பில் கழிவுநீரைத் தள்ள இயந்திரம் வேண்டும். இங்கே இறக்கம் இலவசம்.

▌பெட்டிச் செய்தி: குழி, தொட்டி, பவுசர்
• ஊறல் குழி: நீர் மண்ணுக்குள் போகும், திண்மம் தங்கும். பாறை மண்ணிலும் மழைக்காலத்திலும் ஊறாது, மேலே பொங்கும்.
• இரட்டைக் குழி: ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பாவிப்பது. மூடியது ஓரிரு வருடத்தில் உக்கி எருவாகும். பவுசர் ஏறாத இடத்துக்கு ஏற்றது.
• மலக்கழிவுத் தொட்டி: இரண்டு அறை. சில வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்கவேண்டும். இலங்கைக்கான தராதரம் எஸ்.எல்.எஸ். 745.
• கலி பவுசர்: உறிஞ்சும் வண்டி. தோட்டத்துக் குறுக்குப் பாதையில், கொண்டை ஊசி வளைவில் ஏறுவது சந்தேகம். ஏறினாலும் அள்ளியதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மிச்சம்.

ஊறும் சரிவு

2014 ஒக்டோபர் 29 காலை. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தவில் லயங்களை மண் விழுங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைகள் பல இடங்களில் சரிந்தன.

மலை சரிவதற்குக் காரணம் மழை. மண்ணின் தன்மை, வெட்டிய பாதை, அடைபட்ட கான் என்று துணைக் காரணங்கள் பல. கழிவுநீர்க் குழிதான் மலையைச் சரித்தது என்று சொல்ல எந்தப் பொறியியலாளரும் முன்வரமாட்டார், நானும் சொல்லவில்லை. ஆனால் சரிவில் நீர் ஊறவிடக்கூடாது, மேற்பரப்பு நீரைக் கல் கட்டிய கான் வழியாக வெளியேற்ற வேண்டும் என்பது மண்சரிவுத் தடுப்பின் அரிச்சுவடி. மழை இல்லாத நாளிலும் நாற்பது குழிகள் ஆண்டு முழுவதும் அதே சரிவை ஈரமாக வைத்திருக்கின்றன. மீள்குடியேற்றத்துக்குக் காணி பார்க்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று கேட்கிறார்கள். அந்தக் காணியில் நாளைக்கு எத்தனை ஆயிரம் லீற்றர் கழிவுநீர் இறங்கும், எங்கே இறங்கும் என்பதையும் அதே கோவைக்குள் எழுதச் சொல்ல வேண்டும்.

பிள்ளையின் உயரத்தில் தெரியும் கணக்கு

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதற்குச் சம்பளம், தாயின் இரத்தச்சோகை, ரொட்டியும் சாயத்தண்ணீரும் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மை. குறைவாகப் பேசப்படுவது குடல். மாதத்துக்கு ஒருதரம் வயிற்றோட்டம் வந்து போகும் பிள்ளை, சாப்பிட்டதை உடம்பில் சேர்க்க முடியாமல் கிருமியோடு சண்டை போடுவதிலேயே சக்தியைச் செலவழிக்கிறது. திரிபோஷ பக்கற்றை மாதாமாதம் கொடுத்துவிட்டு, கானோரம் தவழும் பிள்ளையின் நிறை ஏன் கூடவில்லை என்று தாயைக் கண்டிப்பது அநியாயம். பிள்ளைக் காம்பராவின் வாசலுக்குப் பக்கத்திலேயே திறந்த கான் ஓடும் தோட்டங்கள் உண்டு. கொழுந்து எடுக்கும் தாய் எட்டு மணி நேரம் அந்த இடத்தை நம்பித்தான் பிள்ளையை விட்டுப் போகிறாள்.

செங்கண்மாரியும் இதே வழியில்தான் வரும். 2007இல் கம்பளையில் அது பரவியபோது மலையகமே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தது. கொஞ்ச நாள் போனதும் விறகு மிச்சம் பார்க்கத் தொடங்கினோம்.

கதிர்காமத்துக்கு உண்டு, பதுளைக்கு இல்லை

இலங்கையில் கழிவுநீரைக் குழாயில் சேர்த்துச் சுத்திகரிக்கும் வசதி சொற்ப வீதத்தினருக்கே இருக்கிறது. கொழும்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடத் தொடங்கிய குழாய்களின் கழிவுநீர் மோதரையிலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் விடப்படுகிறது. ஜப்பானின் கடனில் கண்டி நகருக்குக் கன்னொறுவையில் ஒரு நிலையம் வந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இயக்கும் திட்டங்களின் வரிசையில் ஹிக்கடுவ என்ற சின்னக் கடலோர ஊரும் இருக்கிறது. பவளப்பாறையும் வெள்ளைக்காரப் பயணிகளும் உள்ள ஊர். கடலில் நாற்றம் வந்தால் ஹோட்டல் காலியாகும் என்பது அங்கே எல்லோருக்கும் உடனே விளங்கும் பாஷை.

ஊவாவிலிருந்து அந்த வரிசையில் இருப்பது கதிர்காமம். யாத்திரிகர் கூட்டம் அதைக் கட்டவைத்தது. அதே மாணிக்க கங்கையின் தலைமாட்டில் இருக்கும் மலைக்கு ஒன்றும் இல்லை. ஆற்றின் நடுப்பகுதியில் சுத்திகரிப்பு, ஊற்றுக்கண்ணில் திறந்த கான்.

எல்லயைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க உலகமே வருகிறது. பத்து வருடத்துக்குள் குன்றுகள் எல்லாம் விடுதிகளாகின. அவற்றின் நீரும் கிரிந்தி ஓயாப் பக்கம்தான் இறங்க வேண்டும். ஊருக்குப் பொதுக் குழாய் இல்லாததால் ஒவ்வொரு விடுதியும் தன் குழியை நம்பி நிற்கிறது. எல்லயில் என்றாவது ஒரு நிலையம் வரும், சுற்றுலா அதை வரவைக்கும். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

பெரிய நிலையம் வேண்டாம்

நமுனுகுலவுக்குக் கண்டியைப் போல ஒரு நிலையம் கேட்பது வீண். வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. குழாய் போடவே பணம் முடிந்துவிடும். இங்கே வேண்டியது லயத்துக்கு லயம் சின்ன வேலை. முதலில் அடுப்படி, குளியல் நீரை மலக்குழியோடு சேர்க்காமல் பிரிக்க வேண்டும். கஞ்சி, எண்ணெய், சருகு தங்குவதற்குக் கானின் நுனியில் ஒரு சிறு தொட்டி. அங்கிருந்து முழங்கால் ஆழத்தில் சரளைக்கல் நிரப்பி, கல்வாழையும் சம்பும் நட்ட ஒரு பாத்தி. நீர் கல்லுக்கிடையில் மெதுவாக நகரும்போது வேரில் ஒட்டிய நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். மறுமுனையில் வருவதைக் குடிக்க முடியாது, ஓடையில் விடலாம். கல் தோட்டத்திலேயே கிடக்கிறது. கான் வெட்டத் தெரிந்தவர்களும் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். பரம்பரை பரம்பரையாக இந்த மலைகளுக்குக் கான் வெட்டியவர்கள் அவர்கள்தானே.

சிக்கல் கட்டுவதில் இல்லை, பராமரிப்பில். பாத்தியை ஆறு மாதத்துக்கு ஒருதரம் கிளற வேண்டும், தொட்டியை வாரத்துக்கு ஒருதரம் வழிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒருவருக்குப் பெயர் போட வேண்டும். வாசக்கூட்டியின் தலையில் சம்பளம் கூட்டாமல் கட்டிவிட்டால் மூன்றாம் மாதம் பாத்தி செத்துவிடும். கையுறையும் காலணியும் கூலியும் கொடுத்து, அதை ஒரு தொழிலாக மதித்தால் நிற்கும். இதற்குக் கம்பனி பாதி, சபை பாதி என்று ஒப்பந்தம் எழுத இப்போது சட்டத் தடை கிடையாது.

2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் நீங்கள் தெரிவு செய்த பிரதேச சபை உறுப்பினர் உங்கள் டிவிசனுக்கு வரும்போது அவரை இஸ்தோப்பில் உட்காரவைத்து அனுப்பிவிடாதீர்கள். லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கானைக் காட்டுங்கள். அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். புது வீட்டுக்கு வரைபடத்தோடு வரும் அதிகாரியிடம், கழிவுநீர்ப் பாதை எந்தத் தாளில் இருக்கிறது என்று கேளுங்கள். தாள் இல்லையென்றால் அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே கேளுங்கள். சபைப் பணத்தைத் தோட்டத்தில் செலவிடலாம் என்ற சட்டம் 2018 முதல் அமுலில் இருக்கிறது.